வெறுங் கதிரைகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது பாடசாலையில் அரசியல் விஞ்ஞானம் பயிலும் உயர்தர வகுப்பு மாணவர் 28 பேரை அழைத்துக்கொண்டு நாம் கொழும்புக்குச் சென்றிருந்தோம். வடமராட்சியிலிருந்து முன்னிரவிற் புறப்பட்ட இ.போ.ச. பஸ் வெள்ளாப்பு நேரத்தில் வெள்ளவத்தையை அடைந்தது. அங்கே ஒரு மண்டபத்துக் குழாயடியில் முகங் கழுவி, மடிப்புக் கலையாமற் பையில் வைத்துக் கொண்டுவந்த வெள்ளைச் சீருடையை உடுத்து, பாணும் சம்பலும் உண்டு, பிள்ளைகள் மறுபடியும் பஸ்ஸில் ஏறினார்கள். இந்தப் பயணச் செலவுக்காக ஒரு தாய் பனங்கிழங்கு விற்ற பணத்தைச் சில்லறையாகவே கொண்டுவந்து எம் கையில் எண்ணித் தந்தார். ஆதலால் அது எமக்கு வெறும் உல்லாசப் பயணமாயிருக்கவில்லை. பாடப் புத்தகத்தில் மக்களின் இறைமை என்று படித்த பொருளைக் கண்ணாற் காணப் போகிறோம் என்ற எண்ணமே பிள்ளைகளைப் போலவே எம்மையும் இரவு முழுவதும் தூங்கவிடவில்லை.

தியவன்னா ஏரியின் நடுவே, 1982ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அந்தக் கட்டடம் செம்புக் கூரையுடன் கம்பீரமாக நிற்கின்றது. ஜெவ்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞரின் கைவண்ணம் அது. பல வாயில்களிலே சோதனைக்குட்பட்டு, பைகளையும் கைத்தொலைபேசிகளையும் ஒப்படைத்துவிட்டு, ஓசையின்றிப் பார்வையாளர் கலரியில் ஏறி அமர்ந்தோம். கீழே சபை கூடியிருந்தது. சபாநாயகரின் ஆசனமும், செங்கோலும், எழுதுவினைஞர்களின் மேசையும் அப்படியே புத்தகத்தில் உள்ளவாறு இருந்தன. புத்தகத்தில் இல்லாத ஒன்றும் இருந்தது. அது வெறுமை.

நாட்டின் பாராளுமன்றத்தில் 225 அங்கத்தவர் உளர். அன்று, அந்த வேளையில், அந்தப் பெரிய சபையில் இருந்தோர் 23 பேர். கணிதத்திற் கெட்டிக்காரனான ஒரு மாணவன் விரல் மடித்து எண்ணி எமது காதருகே சொன்ன கணக்கு அது. அரசியலமைப்பின்படி சபையின் கோரம் 20. "இன்னும் நாலு பேர் எழும்பிப் போனால் சபை நிண்டுபோம், சேர்" என்று அவன் சேர்த்துக்கொண்டான். அன்று விவாதிக்கப்பட்ட விடயமோ கிராமப்புறப் பாடசாலைகளின் நிலைமை. எவருக்காக இத்தனை தொலைவு கடந்து வந்தோமோ அவர்களைப் பற்றிய பேச்சே அது. ஓர் அங்கத்தவர் எழுந்து நின்று தாள்களைப் புரட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் வரிசை வரிசையாக வெறுங் கதிரைகள் அவருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன.

முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி திரும்பி, "சேர், எங்கட ஆக்கள் எங்கே?" என்று மெல்லக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நாம் கொடுத்த பதிலை இன்று எண்ணும்போது வெட்கமாயிருக்கின்றது. "கன்ரீனிலே சாப்பாடு மலிவு, பிள்ளை. அங்கே தேடிப் பாரும்" என்றோம். பக்கத்திலிருந்தோர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எமக்கும் உள்ளூர ஒரு திருப்தி. அரசியல்வாதி என்றாற் சோம்பேறி, சோம்பேறி என்றால் அரசியல்வாதி என்ற சூத்திரம் எமது நாட்டில் ஆசிரியர் ஓய்வறை தொடக்கம் தேநீர்க் கடை வரை எல்லோருக்கும் மனப்பாடம். அதனைச் சொல்வதற்குச் சிந்திக்க வேண்டிய அவசியமில்லை. சிந்திக்க வேண்டிய அவசியமில்லாத காரணத்தினாலேயே அது இத்தனை பரவியிருக்கின்றது போலும்.

கலரியை விட்டு வெளியே வந்தபோது, எமக்கு வழிகாட்டிய உத்தியோகத்தரிடம் அதே மாணவி அதே கேள்வியை மீண்டும் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. சிங்கள வாடை வீசும் தமிழில், பொறுமையாக, "மகள், இப்போ குழு அறைகளில் கூட்டம் நடக்குது. கொஞ்சப் பேர் அங்கே இருக்கிறார்கள். மணி அடிச்சால் இங்கே ஓடி வருவார்கள். ஓடி வந்தால் அங்கே கூட்டம் நிற்கும்" என்றார். பிறகு, தமக்குத் தாமே சொல்பவர்போல, "ஒரு ஆளுக்கு ஒரு உடம்புதானே" என்றார்.

எல்லா வெறுங் கதிரைகளுக்கும் இதுவே காரணமென்று நாம் வாதாட வரவில்லை. சபைக்கு வாராத சோம்பேறிகளும் உளர். வந்தும் ஓய்வறையிற் பொழுதைப் போக்குவோரும் உளர். அவர்களுக்காகப் பரிந்து பேச எமக்கு எந்தக் கடமையும் இல்லை. ஆனால், ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் மக்களின் வேலை வைக்கப்படும்போது, ஓர் அறை வெறுமையாவது தனிமனிதரின் ஒழுக்கக் குறைவினால் மட்டும் நிகழ்வதன்று. அந்த நேரசூசியை யாரோ வரைந்திருக்கிறார்கள். அதனால் யாரோ பயன் பெறுகிறார்கள். யாரோ இழக்கிறார்கள். அந்த 'யாரோ' யார் என்று மாணவர்க்கு எடுத்துக்காட்டுவதே அரசியல் ஆசிரியனின் வேலை. நாமோ பகிடி சொல்லிவிட்டு வந்தோம்.

வீடு திரும்பிய பின் இவ்விடயத்தை ஆராயத் தொடங்கினோம். ஆராய ஆராய, வெறுங் கதிரைக்கு எமது நாட்டில் ஒரு வரலாறே உண்டு என்பது விளங்கியது.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் அரசாங்க சபை அமைக்கப்பட்டது. சர்வசன வாக்குரிமையின் அடிப்படையில் நடந்த முதலாவது தேர்தல் அது. ஆனால் பூரண சுயராச்சியத்துக்குக் குறைந்த எதனையும் ஏற்கமாட்டோம் என்று கூறி, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அத்தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கேட்டுக்கொண்டது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934ஆம் ஆண்டின் இடைத்தேர்தல் வரை, காலிமுகத்திடலுக்கு அருகே இருந்த அந்தச் சபையில் எமது நான்கு கதிரைகளும் வெறுமையாகவே கிடந்தன. அந்த முடிவு சரியோ பிழையோ என்று இன்றுவரை வாதிடுவோர் உளர். அதனாற் பேரம் பேசும் வாய்ப்பை இழந்தோம் என்பாரும், அன்றைய இளைஞரின் இலட்சிய வேகத்தை வணங்குவாரும் எமது ஊரிலேயே இருக்கிறார்கள். எப்படியாயினும், அந்த வெறுங் கதிரைகள் பேசின. குடியேற்ற ஆட்சியை நோக்கி 'நாம் உடன்படவில்லை' என்று கூறின. நாம் மாணவருடன் கண்ட கதிரைகளோ ஒன்றும் பேசவில்லை. ஏன் வெறுமையாயிருக்கின்றன என்பதைக்கூட அவற்றாற் சொல்ல முடியவில்லை.

அந்த டொனமூர்த் திட்டத்திலே இன்னொரு விசேடமும் இருந்தது. இலண்டன் மாநகர சபையின் குழு முறையைப் பின்பற்றி, அரசாங்க சபை முழுவதும் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டது. உள்நாட்டு விவகாரம், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழிலும் கைத்தொழிலும் வர்த்தகமும், கல்வி, போக்குவரத்தும் மராமத்தும் என்பன அவை. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிந்தது, அத்தலைவரே மந்திரியானார். ஓர் அங்கத்தவர் ஒரு குழுவில் மட்டுமே இருந்தார். சபையும், சட்டம் இயற்றும்போது ஒரு முறையாகவும், குழுக்களின் நிருவாக முடிவுகளை ஆராயும்போது மற்றொரு முறையாகவும் கூடியது. அதாவது, குழு வேலையும் சபை வேலையும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகளாக அமைக்கப்பட்டிருந்தன. ஓர் அங்கத்தவர் எங்கே இருக்கவேண்டும் என்பதில் அவருக்குப் பெரும் மயக்கம் இருந்திருக்க நியாயமில்லை.

டொனமூர் முறையை நாம் பொற்காலமாகப் போற்றவில்லை. 1936ஆம் ஆண்டு, அங்கத்தவரை ஏழு குழுக்களிலும் கணக்குப் பார்த்துப் பங்கிட்டு, ஏழு மந்திரிகளும் ஒரே இனத்தவராக வரும்படி செய்த கைங்கரியம் அந்த முறைக்குள்ளேயே நடந்தது. எந்த அறையில் யார் அமர்வது என்பது வெறும் ஒழுங்கு விடயம் என்று எண்ணுவோருக்கு அந்த ஆண்டு ஒரு பாடம். ஆயினும் அதே முறைக்குள் வேறொன்றும் நடந்தது. கல்விக் குழுவின் தலைவராக 1931 முதல் 1947 வரை இருந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. கல்வி பற்றிய விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. ஒரு குழு அறையில் ஆண்டுக்கணக்காகப் பொறுமையுடன் வளர்க்கப்பட்ட எண்ணம் சபைக்கு வந்து, வசதி படைத்தோரின் எதிர்ப்பைத் தாங்கி நின்று, 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வியாக நடைமுறைக்கு வந்தது. பனங்கிழங்கு விற்ற தாயின் மகள் உயர்தர வகுப்பில் அரசியல் படிப்பது அதன் விளைவு. நாம் ஆசிரியராக நிற்பதும் அதன் விளைவே.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். குழு அறையும் வேண்டும், சபையும் வேண்டும். குழு அறையில் ஆவணங்களைப் புரட்டலாம். உத்தியோகத்தரை அழைத்து முகத்துக்கு நேரே கேள்வி கேட்கலாம். கட்சி வேறுபாட்டைச் சற்று மறந்து ஒரு கணக்கின் அடியையும் முடியையும் தேடலாம். சபையிலோ நாடு முழுவதும் கேட்கும்படி பேசலாம், வாக்களிக்கலாம், மந்திரியைப் பதில் சொல்லச் செய்யலாம். குழு இல்லாத சபை வெறும் மேடைப் பேச்சு. சபைக்கு வந்து சேராத குழு வேலை, பூட்டிய அலுமாரியில் உறங்கும் அறிக்கை. இரண்டுக்கும் ஒருவரே வேண்டும் என்பதனாலேயே இரண்டையும் ஒரே வேளையில் வைப்பது கேடாகின்றது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். எமது அங்கத்தவரின் நிலை அதுவே.

1947இல் சோல்பரி யாப்பு வந்தபோது நிருவாகக் குழு முறை ஒழிந்தது. அதிகாரம் மந்திரிசபையிற் குவிந்தது. குழுக்கள் மந்திரிகளை ஆக்கும் வலுவை இழந்து, கணக்குக் கேட்கும் நிலையை மட்டும் பெற்றன. குடியேற்றக் காலத்திலேயே தோன்றிய பொதுக் கணக்குகள் குழு தொடர்ந்தது. அரச கூட்டுத்தாபனங்களை ஆராய்வதற்கென 1979இல் மற்றொரு குழு வந்தது. அமைச்சுகளுக்கெனத் தனித்தனி ஆலோசனைக் குழுக்கள் உண்டாயின. 2015இன் இறுதியில் 16 துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. குழுக்கள் பெருகியது நல்லதே. மக்களின் பணம் எங்கே போயிற்று என்று கேட்பதற்கு எத்தனை அறைகள் இருந்தாலும் தகும். ஆனால் அறைகள் பெருகிய அளவுக்கு நாட்கள் பெருகவில்லை.

எமது பாராளுமன்றம் வழக்கமாக மாதத்தில் இரண்டு வாரங்கள், செவ்வாய் தொடக்கம் வெள்ளி வரை கூடுகின்றது. மட்டக்களப்பிலும் பதுளையிலும் மன்னாரிலும் உள்ள அங்கத்தவர் அந்த நாட்களிலேயே தலைநகரில் நிற்பார். மற்ற நாட்களில் அவர் தொகுதி மக்களின் மரண வீடும் மணவீடும், பாலமும் பள்ளிக்கூடமும், இடமாற்றக் கடிதமும் நிவாரணப் பத்திரமுமாக அலைந்துகொண்டிருப்பார். ஆகவே, சபை கூடும் நாட்களிலேயே குழுக்களையும் கூட்டுவது வசதி என்று கருதப்படுகின்றது. யாருக்கு வசதி? ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் இருக்கும்போது, குழுவுக்கும் சபைக்கும் இடையில் மட்டுமன்றிக் குழுவுக்கும் குழுவுக்கும் இடையிலும் அவர் பிய்த்தெடுக்கப்படுகிறார். கோரம் இல்லாமற் சபை ஒத்திவைக்கப்பட்டது என்ற செய்தியைப் பத்திரிகைகளிற் பல தடவை படித்துத் தலையிலடித்துக்கொண்டிருக்கிறோம். வாக்கெடுப்பு மணி ஒலித்ததனால், தொலைவிலிருந்து வரவழைக்கப்பட்ட சாட்சிக்காரர் ஓர் அறையிற் காத்துக்கிடக்கும் காட்சி பத்திரிகைக்கு வருவதில்லை.

இந்த நெருக்கடி எல்லோரையும் ஒரேயளவாகத் தாக்குவதில்லை என்பதே நாம் இங்கு அழுத்திச் சொல்ல விரும்புவது. நூறு அங்கத்தவரைக் கொண்ட கட்சி என்ன செய்யும்? பத்துப் பேரைச் சபையில் இருத்தும். இருவர் மூவராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் அனுப்பும். மணி ஒலித்தால் எஞ்சியோரை ஓய்வறையிலிருந்து அழைக்கும். மூன்று பேர் கொண்ட கட்சி? ஒரே ஓர் அங்கத்தவரைக் கொண்ட கட்சி? தோட்டத் தொழிலாளரின் காணியுரிமை பற்றிச் சபையிற் பேச வேண்டிய அதே மணித்தியாலத்தில், தொழிலாளரின் சேமலாப நிதி பற்றிக் குழுவிற் கேள்வி கேட்கவும் அவரே போகவேண்டியிருந்தால், எதை விடுவார்? எதை விட்டாலும் அவருக்கு வாக்களித்தோரின் ஒரு பாதி ஊமையாகிவிடும். சிறுபான்மை மக்களின் கட்சிகளும், உழைப்பாளர் பெயரால் வந்த இடதுசாரிக் கட்சிகளும், சுயேச்சையாக வந்தோரும் எண்ணிக்கையிற் சிறுத்தவர்களே. நேரம் ஒன்றுடன் ஒன்று மோதும்போது நசுங்குவது அவர்களுடைய குரலே. 1936இல் கணக்குப் போட்டுச் செய்ததை, இன்று கடிகாரம் கணக்கில்லாமலே செய்துவிடுகின்றது.

நயம் அடைவது யார் என்பதையும் பார்க்கவேண்டும். குழுவிற் கேள்வி கேட்போர் குறைந்தால் உத்தியோகத்தர் மூச்சு விடுவார். சபையில் மறுத்துரைப்போர் குறைந்தால் மந்திரி மூச்சு விடுவார். எந்தக் கட்சி ஆட்சியிலிருந்தாலும், எவர் மந்திரியாயிருந்தாலும், மேற்பார்வை செய்வோர் இரண்டாகப் பிளக்கப்பட்டிருப்பது ஆட்சிபீடத்துக்குச் சுகமானது. எவரும் சதி செய்யாமலே வந்து வாய்க்கும் சுகம் அது. அதனாலேயே அதனைத் திருத்த எவருக்கும் அவசரமும் இல்லை.

மற்ற நாடுகள் இதற்கு என்ன செய்கின்றன என்று தேடினோம். அவுஸ்திரேலியாவின் செனற் சபையில், சபை கூடியிருக்கும் வேளையிற் குழுக்கள் சாட்சியம் கேட்பதை நிலையியற் கட்டளை தடுக்கின்றது. சபையின் அனுமதி இருந்தாலே விதிவிலக்கு. ஜெர்மனியின் கூட்டாட்சிப் பாராளுமன்றத்தில், அமர்வு வாரங்களின் புதன்கிழமை பெரும்பாலும் குழுக்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. பெரிய விவாதங்கள் வியாழனும் வெள்ளியும் நடக்கின்றன. ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் நாட்காட்டியில் குழு வாரத்துக்கு ஒரு நிறம், முழுச் சபை வாரத்துக்கு வேறொரு நிறம், தொகுதி வாரத்துக்கு மற்றொன்று என்று வர்ணந் தீட்டியிருக்கிறார்கள். அண்டை நாடான இந்தியாவில், துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் ஏற்பட்ட பின்னர், வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடரின் நடுவே இரு சபைகளும் சில வாரங்கள் ஓய்ந்துவிடும். அந்த இடைவெளியிற் குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராயும். எமக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் பிரித்தானியாவிலோ, குழு நடந்துகொண்டிருக்கும்போது வாக்கெடுப்பு மணி ஒலித்தால் கூட்டம் இடைநிறுத்தப்படும். அங்கத்தவர் எட்டு நிமிடங்களுக்குள் வாக்களிக்கும் கூடத்துக்கு ஓடவேண்டும். பின்பு கதவு பூட்டப்படும். மூலவர் ஓடுகிறார், அவரைப் பார்த்து நாமும் ஓடுகிறோம்.

விதியை எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் செனற் சபை விடை தருகின்றது. சபை கூடி இரண்டு மணித்தியாலம் கடந்த பின் அதன் குழுக்கள் கூடலாகாது என்று அங்கே ஒரு விதி உண்டு. நாள்தோறும் எல்லோரும் உடன்பட்டு அவ்விதியைத் தளர்த்திக்கொள்வது வழக்கம். ஆனால் ஒருவர் மறுத்தாலும் விதி உயிர்பெற்றுவிடும். 2010 மார்ச்சில், சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் பற்றிய மோதலின்போது, சிறுபான்மையாயிருந்த குடியரசுக் கட்சியினர் உடன்பாட்டை மறுத்து, பிற்பகலுக்கு வைக்கப்பட்டிருந்த குழு விசாரணைகளைத் தடைசெய்தார்கள். மோதலைத் தவிர்க்கப் பிறந்த விதியே மோதலின் ஆயுதமாயிற்று. நேரத்தைப் பங்கிடுவதும் அதிகாரத்தைப் பங்கிடுவதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எமது நாட்டில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. சபை விவாதங்கள் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகின்றன. குழு அறைகளின் வேலையில் மக்களின் கண்ணிற் படுவது சிறிதே. ஒரு கணக்கறிக்கையை மூன்று மணித்தியாலம் துருவிப் பார்த்தவர் வெறுங் கதிரையாகவே மக்கள் கண்ணுக்குத் தெரிகிறார். சபையில் எழுந்து ஒருவரை ஒருவர் ஏசியவரோ வீடுதோறும் தெரிகிறார். கதிரையைக் கண்டு சிரித்த நாம், அந்தச் சிரிப்பினால் யாரைத் தண்டித்தோம்? வேலை செய்தவரையும் செய்யாதவரையும் ஒரே தராசில் நிறுத்தி, அடுத்த முறை குழுவை விட்டுவிட்டுக் கமராவுக்கு முன்னால் வந்து அமரும்படி வேலை செய்தவரை அல்லவா துரத்தினோம்? ஆட்சியாளரின் சுகத்துக்கு நாமும் எமது பங்குக்கு ஒரு விசிறி வீசினோம்.

இவற்றையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் வகுப்பிலே விரிவாக எடுத்துரைத்தோம். கலரியிற் சொன்ன பகிடி தவறென்றும் ஒப்புக்கொண்டோம். பாடம் நன்றாக அமைந்தது என்ற நிறைவோடு, "ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்டோம். கொழும்பிலே கேள்வி கேட்ட அதே மாணவி எழுந்தாள்.

"சேர், கோபிக்கக் கூடாது. போன தவணை எங்கட வகுப்பிலே உங்கட கதிரை பதினொரு நாள் வெறுமையாய் இருந்தது. நீங்களும் கூட்டத்துக்குத்தான் போனீங்கள்."

வகுப்பு மூச்சடங்கிப் போயிற்று. அவள் குத்திக்காட்டவில்லை, கணக்கு மட்டுமே சொன்னாள். எமது நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தோம். விளையாட்டுப் போட்டிக் குழு, பரிசளிப்பு விழாக் குழு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பாட இணைப்பாளர் கூட்டம், கருத்தரங்கு. எல்லாம் நல்ல காரியங்கள். எல்லாம் பாடவேளையில் நடந்தவை. அவள் சொன்ன பதினொன்று குறைவு. சரியான எண்ணிக்கை 13. கூட்டத்துக்குப் போன ஆசிரியனை அதிபர் பாராட்டினார். வகுப்பறையில் இருந்த ஆசிரியனை எவரும் காணவில்லை. ஆசிரியர் இல்லாத வேளையிற் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று விசாரித்தோம். பணம் உள்ளவர்கள் மாலை ரியூசனில் விட்ட பாடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பனங்கிழங்கு விற்ற தாயின் மகளுக்கு அந்த வழியும் இருக்கவில்லை. பாராளுமன்றத்திற் சிறிய கட்சிக்கு நேர்வதாக நாம் கரும்பலகையில் எழுதிய அதே நியாயம், எமது கண்முன்னே, மூன்றாம் வாங்கில் அமர்ந்திருந்தது.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இதனை எடுத்தோம். "கூட்டங்களை எல்லாம் பாடசாலை முடிந்த பின், 1.30க்கு மேல் வைப்போம்" என்று வீராவேசமாக முன்மொழிந்தோம். ஆண் ஆசிரியர் பலர் தலையசைத்தார்கள். அப்போது ஓர் ஆசிரியை எழுந்தார். "அண்ணை, எனக்கு இரண்டு மணிக்கு ஒரு பஸ். அதை விட்டால் நாலரைக்குத்தான். வீட்டிலே படுக்கையிலே மாமியும், முன்பள்ளியிலே பிள்ளையும் இருக்கினம். நீங்கள் வகுப்பு நேரத்தைக் காப்பாற்ற என்ர வீட்டு நேரத்தை எடுக்கிறீங்கள்" என்றார். எமக்குச் சுருக்கென்றது. நேரம் எங்கிருந்தோ இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒருவரிடமிருந்து எடுத்தே இன்னொருவருக்குக் கொடுக்கப்படுகின்றது. எடுக்கும்போது, கேட்கத் தெரியாதவரிடமிருந்தும் கேட்க முடியாதவரிடமிருந்தும் எடுப்பதே வழக்கமாயிருக்கின்றது. நீதியின் பெயரால் நாமும் அதையே செய்யவிருந்தோம்.

மூன்று கூட்டங்கள் வாதாடிய பின் ஒரு முடிவு பிறந்தது. மாதத்தின் முதலாம், மூன்றாம் புதன்கிழமைகளில், கடைசி இரண்டு பாடவேளைகளிலே குழுக்கள் கூடும். அந்த நேரம் மாணவர் மன்றத்துக்கும் வாசிகசாலைக்கும் உரியது. உயர்தர வகுப்பு மாணவர் முறை வைத்துப் பொறுப்பேற்பர். இரண்டு மணிப் பஸ்ஸுக்கு எல்லோரும் போய்விடலாம். ஒருவர் இரண்டு குழுக்களுக்கு மேல் இருக்கலாகாது. வேறு நாளிற் கூட்டம் வைத்தால், எந்த வகுப்பின் எந்தப் பாடம் விடுபடுகின்றது என்பதைக் கூட்ட அறிவித்தலிலேயே எழுதவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை முன்மொழிந்தவர் அந்த ஆசிரியையே. அதுவே எல்லாவற்றிலும் பயனுள்ளதாயிற்று. '12ஆம் வகுப்பு அரசியல் பாடம் விடுபடும்' என்று தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட நேர்ந்தபோது, பல கூட்டங்கள் தேவையற்றவை என்று அவற்றைக் கூட்டியவர்களுக்கே தோன்றிவிட்டது.

வலயத்திலிருந்து வரும் அழைப்புக்கு எமது புதன்கிழமை தெரியாது. இன்னும் சில நாட்கள் எமது கதிரை வெறுமையாகத்தான் கிடக்கின்றது. எனினும், ஏன் வெறுமையாக இருக்கின்றது என்று இப்போது வகுப்பறைக் கதவில் ஒரு தாள் சொல்கின்றது. பாராளுமன்றத்துக்கும் நாம் கேட்பது இதற்கு மேற்பட்டதன்று. குழுவுக்கென ஒரு நாளை ஒதுக்குக. ஒதுக்க முடியாத நாளில், எந்த விவாதத்தின்போது எந்தக் குழு கூடுகின்றது, யார் எந்த அறையில் இருந்தார் என்பதை நாடறிய எழுதி வைக்குக. சிறிய கட்சியின் ஒற்றை அங்கத்தவர் பேச இருக்கும் வேளையில் அவருடைய குழுவைக் கூட்டாதிருக்கும் மரியாதையை விதியாக்குக. இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

அந்த மாணவி இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள். கடந்த விடுமுறையில் எம்மைக் காண வந்தபோது, மாணவர் ஒன்றியத்தின் கூட்டமும் தனது விரிவுரையும் ஒரே நேரத்தில் வருகின்றன என்று முறையிட்டாள். "எதுக்குப் போறீர், பிள்ளை?" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே, "முதலிலே நேரசூசி போட்டது ஆர் எண்டு கேட்டிருக்கிறன், சேர்" என்றாள்.